அரைநாள் ஓட்டிசப் பயிற்சி: கேற் காவலாளியில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் ஊழியர்களையும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களையும் சேர்த்து, ஓட்டிசம் பற்றி அரைநாள் பயிற்சி ஒன்று ஒழுங்கு செய்யும்படி பொறுப்பு வைத்தியர் சொல்லியிருக்கிறார். 35 பேர் வருவார்கள். 60 சிலைட் உள்ள ஆங்கிலப் பவர்பொயின்ற் ஒன்றும் தந்திருக்கிறார்கள். போன மாதம் 7 வயதுப் பையன் ஒருவனுக்கு இரத்தம் எடுக்க நாலு பேர் பிடிக்க வேண்டி வந்தது. இப்போது கேற்றைக் கண்டாலே நிலத்தில் விழுந்து கத்துகிறான். பிரதேச செயலகத்திலும் ஒரு பிரச்சினை: 22 வயது இளைஞர் ஒருவர் உத்தியோகத்தர் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொன்னார், நக்கல் அடிக்கிறார் என்று நினைத்துச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்கள். எதைச் சொல்லிக் கொடுப்பது? யார் சொல்லிக் கொடுப்பது? முடிவில் சான்றிதழ் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த 60 சிலைடையும் மூடி வையுங்கள். வரைவிலக்கணம், மூளைப் படம், உலகப் புள்ளிவிபரம் என்று ஒன்றரை மணித்தியாலம் கேட்டவர்கள் "பாவம் அந்தப் பிள்ளையள்" என்று எழும்பிப் போவார்கள். அடுத்த நாள் காலை ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) அதே அதட்டல்தான். ஏப்ரல் 2ஐ ஓட்டிச விழிப்புணர்வு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2007இல் தீர்மானித்தது. 2008இல் இருந்து ஆண்டுதோறும் நீல ரிபனும் பதாகையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ரிபன் குத்திய கையே அடுத்த கிழமை பிள்ளையின் தோளை அழுத்திப் பிடிக்கிறது. உங்கள் அரைநாள் கை, குரல், வரிசை இந்த மூன்றைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஒரு பிள்ளை உங்கள் ஆஸ்பத்திரிக்குள் வந்து திரும்பும் மட்டும் யார் யாரிடம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கேற்றில் காவலாளி, துண்டு எழுதுபவர், நிறை பார்க்கும் சுகாதார உதவியாளர், டொக்டர், ஊசி அறையில் மிஸ், மருந்து கொடுப்பவர். டொக்டர் பார்ப்பது நாலைந்து நிமிடம். மிச்ச இரண்டு மணித்தியாலமும் மற்றவர்கள் கையில். ஆனால் பயிற்சிக்குப் பெயர் எடுக்கும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடும்: மேலதிகாரிகள் முன் கதிரையில், காவலாளி கேற்றில். அவரை முதலில் கூப்பிடுங்கள். அன்றைக்குக் கேற்றில் யார் நிற்பது என்று கேட்பார்கள். அதனால்தான் 35 பேரையும் ஒரே நாளில் இருத்த வேண்டாம் என்கிறேன். 17, 18 பேராக இரண்டு நாள் வையுங்கள்; பாதிப் பேர் கடமையில் நிற்கலாம். ஒத்திகை பார்க்கும் பயிற்சிக்கு 20 பேருக்கு மேல் சரிவராது. பின்வாங்கில் இருப்பவர்கள் போனைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

யார் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் இருந்து ஓர் உதாரணம் இருக்கிறது. ஒலிவர் மக்கோவன் என்ற 18 வயது இளைஞர் 2016இல் பிரிஸ்டலில் இறந்தார். ஓட்டிசம் உள்ளவர். அவரும் பெற்றோரும் வேண்டாம் என்று சொல்லியும் ஒலன்சபின் என்ற மனநோய் மருந்து கொடுக்கப்பட்டது. அதன் பாதகமான விளைவால் மூளை பாதிக்கப்பட்டது. பெற்றோரின் போராட்டத்துக்குப் பிறகு, அரச மேற்பார்வையில் உள்ள சுகாதார, பராமரிப்பு நிலையங்களின் ஊழியர்கள் எல்லோருக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ற பயிற்சி கட்டாயம் என்று 2022ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. அவர் பெயரிலேயே அமைந்த பயிற்சியில் இரண்டு படிகள். பொதுவாகத் தெரிந்திருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலக் கணினிப் பாடமும் ஒரு மணித்தியால இணையவழி உரையாடலும். நேரடியாகப் பராமரிப்பவர்களுக்கு அதே பாடத்தோடு ஒரு முழுநாள். எங்களுக்குத் தேவையான பகுதி இதுதான்: ஓட்டிசம் உள்ளவர்களும் கற்றல் குறைபாடு உள்ளவர்களும் அந்தப் பயிற்சியைச் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்களைப் பற்றி மற்றவர்கள் மட்டும் கதைத்துவிட்டுப் போவதில்லை.

வன்னியில் மேடை ஏறிப் பேசக்கூடிய ஓட்டிசம் உள்ள ஒருவரை உடனே தேடிப் பிடிப்பது கடினம். பேச விருப்பம் இல்லாதவர் போனில் குரல் பதிந்து தரலாம், எழுதித் தரலாம். அதுவும் இல்லாவிட்டால் ஒரு தாய் அல்லது தகப்பன். 20 நிமிடம் போதும். பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுங்கள். ஒட்டுசுட்டானில் இருந்தோ புதுக்குடியிருப்பில் இருந்தோ வருபவருக்கு அது ஒரு நாள் உழைப்பு. பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லாதீர்கள். சபைக்கு நடுவில் காட்சிப்பொருளாக ஒரு பிள்ளை நிற்கத் தேவையில்லை. தாயை அழவைக்கும் கேள்விகளும் வேண்டாம். இரண்டு கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: இங்கே எது நடந்தால் திரும்பிப் போகத் தோன்றும்? எந்த ஊழியர் செய்த எது உதவியது? இரண்டாவதற்கு வரும் பதில்தான் அன்றைய பாடம். தங்களில் ஒருவரின் பெயர் நல்லதாகச் சொல்லப்படும்போது மற்றவர்கள் நிமிர்ந்து கேட்பார்கள்.

அடிப்படைக்கு முதல் 40 நிமிடம். இதைத் தாண்ட விடாதீர்கள். பிறவியிலேயே மூளை வளர்ச்சி வேறுவிதமாக அமைவது ஓட்டிசம். முகத்தைப் பார்த்துத் தெரியாது. பெண்பிள்ளைகளில் தவறவிடப்படுவது அதிகம். சிலர் ஒரு சொல்லும் கதைக்க மாட்டார்கள். சிலர் கம்பஸ் வரை படிப்பார்கள். இலங்கையில் ஓர் அரைநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளிவந்த ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கண்டது. உங்கள் ஓபிடிக்கு ஒரு காலையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அதன் பக்கத்தில் வையுங்கள், போதும்.

காரணம் பற்றி மூன்று கேள்வி நிச்சயம் வரும். பதிலோடு போங்கள்.

தடுப்பூசி. அதால் ஓட்டிசம் வராது. 12 பிள்ளைகளை வைத்து 1998இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் வந்த கட்டுரைதான் இந்தக் கதையின் ஊற்று. 2010இல் சஞ்சிகையே அதை மீளப்பெற்றது. எழுதிய வேக்ஃபீல்டின் பெயர் பிரித்தானிய வைத்தியப் பதிவேட்டில் இருந்து நீக்கப்பட்டது. அந்தக் கட்டுரை குறைசொன்ன எம்.எம்.ஆர் ஊசியை எங்கள் நாட்டில் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறோம். பேச்சுப் பிந்துவது கண்ணில் படும் காலம் அதற்கு இடையில் விழுவதால், தாய்மார் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள்.

போன். போனால் ஓட்டிசம் வராது. ஆனாலும் 2 வயதுக்குக் கீழே திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைச் சொல்லிவைக்கலாம். பிள்ளையோடு கதைக்கும் நேரத்தை அது தின்கிறது என்பதற்காக. குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். பஸ்ஸிலும் கிளினிக் வாங்கிலும் அந்தப் பிள்ளையை அமைதியாக வைத்திருக்கத் தாயிடம் இருக்கும் ஒரே வழி போனாக இருக்கலாம்.

மூன்றாவது, வன்னிக்கே உரிய கேள்வி: "செல்லடியில பயந்ததால வந்ததோ?" இல்லை. பயம் ஓட்டிசத்தை உண்டாக்காது. ஆனால் யுத்தகாலத்தில் பிறந்த ஓட்டிசம் உள்ள ஒருவர் இரண்டையும் சுமக்கலாம். இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் பலருக்குச் சின்ன வயதில் எந்தப் பரிசோதனையும் நடந்திருக்காது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வளர்ச்சிப் பதிவேட்டைக் காப்பாற்றி வைக்கவே முடியவில்லை. "பயந்த பிள்ளை", "புத்தி சுகமில்லாதவன்" என்ற பெயரோடு அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். பிரதேச செயலகத்துக்கு வந்த இளைஞரும் அப்படி ஒருவராக இருக்கலாம். வெடிச்சத்தத்துக்கும் ஹெலிகொப்ரருக்கும் மேசைக்கு அடியில் போகும் ஒருவரைக் கண்டால், எது எதனால் என்று கவுன்ரரில் நின்று ஆராய வேண்டாம். சத்தத்தைக் குறையுங்கள்.

அடுத்த அரை மணித்தியாலம் எல்லோரையும் ஓபிடிக்குக் கூட்டிப் போங்கள். சனம் குறைந்த நேரமாக இல்லாமல், சனம் நிற்கும் நேரத்திலேயே போங்கள். நோயாளர் வாங்கில் 15 நிமிடம் கதைக்காமல் இருந்து, காதிலும் மூக்கிலும் கண்ணிலும் பட்டதை எழுதச் சொல்லுங்கள். கறகறக்கும் மின்விசிறி, மினுங்கும் ரியூப்லைற், இலக்கம் கூப்பிடும் சத்தம், இரும்புக் கதவு அடிபடுவது, ஸ்பிரிட் மணம், முதுகில் இடிக்கும் வரிசை, முன்னால் இருமுகிறவர். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இவை எல்லாம் ஒன்றுபோல உள்ளே இறங்கும், எதையும் வடிகட்ட முடியாது என்பதை இதற்குப் பிறகு சொன்னால் விளங்கும். அந்தப் பட்டியலில் இருந்து காசு செலவில்லாமல் மாற்றக்கூடிய மூன்றை அங்கேயே தெரிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மினுங்கும் ரியூப்லைற்றை மாற்றலாம். கதவுக்கு ஒரு ரப்பர் துண்டு வைக்கலாம். வேப்பமரத்துக்குக் கீழே ஒரு வாங்கு போட்டு, முறை வரும்போது ஆள் போய்க் கூப்பிடலாம். இந்த மூன்றாவதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு வரிசையில் முதல் இலக்கம் கொடுப்பது பற்றி வாக்குவாதம் வரும். "சுற்றுநிருபம் எங்கை?" என்று கேட்பார்கள். பொறுப்பு வைத்தியர் ஒப்பமிட்ட ஒரு பக்க அறிவித்தல் போதும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியிருக்கிறது என்று அதில் ஒரு வரி சேருங்கள். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அப்போது பிள்ளையின் நோயைச் சபையில் அறிவிக்காமல், "இவையளுக்கு நேரம் குறிச்சுக் குடுத்தது" என்று மட்டும் சொல்லப் பழக்குங்கள். உண்மையிலேயே நேரம் குறித்துக் கொடுப்பது இன்னும் நல்லது: கிளினிக் தொடங்கும்போது முதல் ஆள், அல்லது சனம் வடிந்த பிறகு கடைசி ஆள்.

பிறகு கதைக்கும் முறை. இதற்கு ஒரு மணித்தியாலம் முழுதாகக் கொடுங்கள், ஏனென்றால் எங்கள் வாயில் பழகிப்போன பேச்சே தடக்குகிறது. ஓட்டிசம் உள்ள பலர் சொல்லைச் சொன்னபடியே எடுப்பார்கள். நாங்கள் அறையை விட்டுப் போகும்போது "வாறன்" என்கிறோம். பிள்ளை எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும், வராவிட்டால் குழம்பும். "கையைத் தாங்கோ" என்றால் கையை எப்படிக் கழற்றித் தருவது? "எறும்பு கடிக்கிற மாதிரித்தான்" என்றால், ஊசிப் பயத்தோடு எறும்புப் பயமும் சேரும். "கொஞ்சம் பொறுங்கோ" என்பதில் அளவே இல்லை. "பச்சைச் சட்டை போட்ட அம்மா உள்ளை போய் வருவா. பிறகு நீங்கள்" என்பது அளவு. "ஓடாதை" என்பதைவிட "மெல்ல நட" விளங்கும். எதைச் செய்யக்கூடாது என்பதைக் கேட்கும் பிள்ளைக்கு, பதிலாக என்ன செய்வது என்பது தெரியாது.

இருவர் இருவராக இருத்திப் பழக்குங்கள். ஒருவர் ஒரு சின்ன வசனம் சொல்ல வேண்டும். பிறகு மனதுக்குள் 10 வரை எண்ண வேண்டும். அதுவரை வாய் திறக்கக்கூடாது. ஐந்தாவது எண்ணிலேயே பலர் கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்டுவிடுவார்கள். அதுதான் பிழை. பிள்ளை முதல் வசனத்தைப் பாதி விளங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது வசனம் வந்து அதையும் அழித்துவிடும். திருப்பிச் சொல்வதானால் அதே சொற்களில், அதே குரலில். கண்ணைப் பார் என்று நாடியைப் பிடித்து நிமிர்த்த வேண்டாம். பார்க்காமலே நன்றாகக் கேட்பவர்கள் உண்டு.

வாங்கில் இருக்கும் தாய்மார் சொல்லும் ஒரு வசனத்தை ஊழியர்களும் சொல்கிறார்கள்: "குழப்படி செய்தா மிஸ்ஸிட்டச் சொல்லி ஊசி போடுவிப்பன்." ஒரு பயிற்சியால் ஒரே ஒரு வசனத்தைத்தான் ஒழிக்க முடியும் என்றால் இதை ஒழியுங்கள். வைத்தியத்தைத் தண்டனையாகப் படித்த பிள்ளைக்கு நீங்கள் எத்தனை படம் காட்டியும் பயன் வராது.

பிரதேச செயலக இளைஞரின் விடயமும் இங்கேதான் வருகிறது. "பெயர் என்ன?" என்று கேட்க "பெயர் என்ன?" என்று அவர் சொன்னது நக்கல் இல்லை. கேட்டதைத் திரும்பச் சொல்வது ஓட்டிசத்தில் மிகச் சாதாரணம். விளங்கிக்கொள்ள எடுக்கும் நேரமாக இருக்கலாம், "கேட்டது, பதில் தேடுகிறேன்" என்பதாக இருக்கலாம். அந்த இடத்தில் குரலை உயர்த்தினால் எல்லாமே நின்றுவிடும். பெயரை எழுதிக் காட்டி "இது நீங்களோ?" என்று கேட்கலாம். பேனையைக் கொடுத்து எழுதச் சொல்லலாம். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். 22 வயதுக்காரரை "தம்பி, நீங்கள்" என்று கேட்க வேண்டும், தாய் பக்கத்தில் நிற்கிறா என்பதற்காக "இவருக்குக் கதைக்கத் தெரியுமோ?" என்று அவர் தலைக்கு மேலால் கேட்கக்கூடாது. உதவிப்பண விண்ணப்பம் போன்றவற்றுக்குத் தேவைப்படும் பத்திரங்களின் பட்டியலைக் கிராம அலுவலர் மூலம் முதலே அனுப்பிவிட்டால், ஒரே கையெழுத்துக்கு மூன்று தரம் அலைய வேண்டி வராது. நேர்முகத்தை வீட்டில் செய்ய முடியுமானால் சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டிலேயே செய்யட்டும்.

இனி அந்த 7 வயதுப் பையன்.

முதலில் கேட்க வேண்டியது, அந்த இரத்தப் பரிசோதனை இப்போது கட்டாயம்தானா என்பது. அவசரம் இல்லாவிட்டால் தள்ளிப்போடுங்கள். தேவை என்றால் வரப்போகும் எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே எடுப்பில் சேருங்கள். நாலு பேர் சேர்ந்து அமத்திப் பிடிப்பதில் இரண்டு கேடு. நெஞ்சு அமத்தப்பட்டால் மூச்சுத் தடைப்படும். முகம் கீழாகப் படுக்கவைத்துப் பிடிப்பது எந்த நிலையிலும் கூடாது. இரண்டாவது கேடு நீங்கள் கேற்றில் பார்ப்பது. இன்றைக்கு 5 மில்லிலீற்றர் இரத்தம் கிடைத்தது. நாளைக்கு வலிப்போ காய்ச்சலோ வந்தால் அவனை உள்ளே கொண்டுவர முடியாது.

கேற்றுப் பயத்தைக் குறைக்க அவசரப்படாதீர்கள். முதல் வருகையில் கேற் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகட்டும். அது சுலபமான பிறகு மரத்தடி வாங்கில் 10 நிமிடம், ஒரு சிகிச்சையும் இல்லாமல். பிறகு வராந்தா. பிறகு ஊசி அறை வாசல். ஒரு படி அமைதியாக முடியும் வரை அடுத்த படி வேண்டாம். கத்தத் தொடங்கினால் அதற்கு முந்தின படிக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு முறையும் அதே உதவியாளர் எதிரே வந்து, அவனுக்குப் பிடித்த ஒன்றைக் கொடுக்கட்டும். அது போத்தல் மூடியாக இருந்தாலும் பரவாயில்லை. தாயிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: "கோயிலுக்குப் போறம்" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரக்கூடாது. அப்படிச் செய்தால் கோயிலும் கெட்டுவிடும்.

படத்தாள் ஒன்று செய்யுங்கள். இணையத்தில் எடுத்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிப் படம் உதவாது. உங்கள் கேற், உங்கள் வாங்கு, உங்கள் ஊசி அறைக் கதவு, கையில் கட்டும் ரப்பர் பட்டி, பஞ்சு, கடைசியில் வீட்டுக்குப் போகும் ஓட்டோ. போனில் எடுத்து ஒரு ஏ4 தாளில் ஆறு படம், லமினேற் செய்து முதல் நாளே வீட்டுக்குக் கொடுங்கள். "முதல் ஊசி, பிறகு வீடு" என்ற இரண்டு படத் துண்டு ஒன்றும் வேறாக இருக்கட்டும்.

எடுக்கும் நாளில்: நரம்பு பிடிப்பதில் ஆகக் கெட்டிக்காரர் யாரோ அவர்தான் எடுக்க வேண்டும், பயிலுநர் இல்லை. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின்-பிரைலோகெயின் களிம்பு கிடைத்தால் வைத்தியரின் ஆலோசனையோடு ஒரு மணித்தியாலத்துக்கு முன் பூசி மூடி வையுங்கள். பூசிய உடனே குத்தினால் பயன் இல்லை. கிடைக்காவிட்டால் துணியில் சுற்றிய ஐஸ் கொஞ்ச நேரம். பட்டியை முதலில் தகப்பன் கையில் கட்டிக் காட்டுங்கள். பையன் தாயின் மடியில், தாயின் நெஞ்சோடு நெஞ்சாக இருந்து கட்டிப்பிடித்திருக்க, ஒரு கை மட்டும் வெளியே வரட்டும். அந்தக் கையை ஒருவர் தாங்கினால் போதும். அறையில் ஒருவர் மட்டும் கதைக்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் "ராசா, அப்பன், முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று சேர்ந்து சொல்வது அவனுக்கு இன்னொரு இரைச்சல். பத்து வரை எண்ணி, பத்தில் நிறுத்துவதாகச் சொன்னால் பத்தில் நிறுத்துங்கள். இரண்டு தரம் தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். பிளாஸ்டர் ஒட்டலாமா என்று கேளுங்கள். ஊசியைவிடப் பிளாஸ்டரை உரிப்பது தாங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அமைதிப்படுத்த என்று பிரிற்றன் என்ற ஒவ்வாமைப் பாணியைக் கூட்டிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். சில பிள்ளைகள் அதால் தூங்குவதற்குப் பதிலாக இன்னும் துள்ளுவார்கள். மயக்கம் உண்மையில் தேவை என்றால், சுவாசத்தைக் கண்காணிக்க ஆளும் கருவியும் உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையில்தான்.

எல்லா முயற்சிக்கும் பிறகும் பிள்ளை நிலைகுலைந்து கத்தினால், கதைப்பதை நிறுத்துங்கள், பார்த்துக்கொண்டிருப்பவர்களை வெளியே அனுப்புங்கள், கூர்மையான பொருட்களை அகற்றுங்கள், காத்திருங்கள். அரை மணித்தியாலம் எடுக்கலாம். அந்த நேரத்தில் கொடுக்கும் புத்திமதி எதுவும் உள்ளே போகாது.

தாதியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் மட்டும் தனியாக ஒரு 20 நிமிடம் ஒதுக்குங்கள். எதையும் "அது ஓட்டிசம்தானே" என்று தள்ளிவிடுவதுதான் உயிருக்கு ஆபத்தான பிழை. வழமையாக அப்படிச் செய்யாத பிள்ளை திடீரென்று தலையை அடித்தால், கையைக் கடித்தால், நித்திரை கொள்ளாவிட்டால், உடம்பில் எங்கோ நோ இருக்கிறது என்று நினைத்துத் தேடுங்கள். காது, பல், தொண்டை, வயிறு, சிறுநீர், தோல், கைகால் எலும்பு. பல்லுக்கொதியும் மலச்சிக்கலும் அடிக்கடி தவறவிடப்படுபவை. இவர்களில் பலர் மூன்று நாலு உணவைத்தான் சாப்பிடுவார்கள், மலச்சிக்கல் அதோடு வரும். வெறித்துப் பார்ப்பதை "அவன் அப்பிடித்தான்" என்று விடாதீர்கள். ஓட்டிசம் உள்ளவர்களில் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். "வழமையா இப்பிடியோ, இப்பத்தானோ?" என்று தாயிடம் கேட்கும் ஒரு கேள்வி பாதி வேலையை முடிக்கும். நோவைக் காட்டாமல் சிரிக்கும் பிள்ளையும் உண்டு.

மருந்து கொடுப்பவருக்கு இரண்டு விடயம். அரச விநியோகத்தில் குளிசையின் நிறமோ வடிவமோ மாறினால் தாயிடம் முன்கூட்டியே சொல்லி, பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பிள்ளை துப்பிவிடும், தாய் அடுத்த கிளினிக்கில்தான் சொல்லுவா. பிள்ளை சாப்பிடும் ஒரே உணவுக்குள் மருந்தை ஒளித்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள். கண்டுபிடித்தால் மருந்தோடு அந்த உணவும் போய்விடும்.

குடும்பநல உத்தியோகத்தர்கள் வருவார்களானால் 18 மாத ஊசியைப் பற்றிக் கதையுங்கள். அந்த ஊசிக்கும் 3 வயது எம்.எம்.ஆருக்கும் பிள்ளை எப்படியும் வரும்; வளர்ச்சியைப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடத் திரும்புகிறதா, விருப்பமானதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, எதையாவது கொண்டுவந்து தாய்க்குக் காட்டுகிறதா, பொம்மைக்குச் சாப்பாடு தீத்துகிறதா? 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் அனுப்புங்கள். முன்பு சொன்ன சொற்களை இழந்திருந்தால் எந்த வயதிலும் உடனே. தாயிடம் கேள்வித்தாளை நீட்டினால் மட்டும் போதாது என்பது 2009 ஆய்விலேயே தெரிந்தது. "ஓம், கூப்பிடத் திரும்புவான்" என்று தாய் சொல்லுவா. நீங்கள் முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். "பொடியள் பிந்தித்தான் கதைப்பினம், தகப்பனும் அப்பிடியாம்" என்று ஆறுதல் சொல்லி ஒரு வருடத்தைத் தொலைக்காதீர்கள். ஊசி வாங்கில் வைத்து ஓட்டிசம் என்றும் சொல்லாதீர்கள். "கதைக்கிறது கொஞ்சம் பிந்தியிருக்கு. காதையும் வளர்ச்சியையும் பெரியாஸ்பத்திரியிலை பார்ப்பம்" என்பது போதும், உண்மையும் அதுதான், கேட்கும் திறனை முதலில் பார்த்தே ஆகவேண்டும். நூல் கட்டவும் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கவும் போகும் குடும்பத்தோடு வாதாட வேண்டாம். இரண்டும் நடக்கட்டும், கிளினிக் திகதி தவறாமல்.

வைத்தியர் சிங்களத்தில் கதைக்க, நீங்கள் மொழிபெயர்க்கும் நிலை வந்தால், அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். "ஒண்டுமில்லையாம் அம்மா" என்று நல்ல மனதோடு சேர்க்கும் ஒரு சொல்லால் தாய் அடுத்த கிளினிக்குக்கு வராமல் விடலாம்.

பேச்சுச் சிகிச்சைக்குத் திகதி கிடைக்க நாள் எடுக்கும், பயணமும் தூரம். வளர்ச்சிப் பிந்திய 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது: 9 குழு அமர்வு, 3 வீட்டுத் தரிசிப்பு, நிபுணர் அல்லாதவர்களே நடத்தும்படி அமைத்தது. உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு அடுத்த வருடத்துக்கு இதைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள்.

கிராம அலுவலர்களுக்கும் பொலிசாருக்கும் ஒரு விடயம் மட்டும், ஆனால் அதை விடவே கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளை காணாமல் போனால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள். குளம், வாய்க்கால், கட்டில்லாத தோட்டக் கிணறு. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீரில் ஈர்ப்பு அதிகம், ஆபத்து விளங்காது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. சொந்தக்காரர் வீடுகளுக்குப் போன் எடுத்துக் கேட்கும் அந்த 20 நிமிடத்தில்தான் உயிர் போகிறது. 119க்கு அறிவிப்பது ஒருவர், தண்ணீருக்குப் போவது மற்றவர்கள். வீட்டைச் சுற்றி எங்கெங்கே தண்ணீர் இருக்கிறது, பிள்ளைக்கு எந்தப் பாட்டு, எந்தப் பொருள் பிடிக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கிராம அலுவலரிடம் முதலே கொடுத்து வைக்கலாம்.

அதே தாளின் இன்னொரு வடிவம் உங்கள் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், எப்படித் தன் தேவையைச் சொல்லும், நோ வந்தால் என்ன செய்யும், எதைத் தொட்டால் கத்தும், எது அமைதிப்படுத்தும், என்ன மருந்து ஒத்துவராது. ஆறு வரி. அதற்கு மேல் எழுதினால் ஓபிடியில் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.

சான்றிதழ் கேட்டிருந்தீர்கள். கொடுங்கள், ஆனால் அன்றைக்கே கொடுக்க வேண்டாம். மூன்று மாதம் ஊசி அறையில் ஒரு கொப்பி வையுங்கள்: திகதி, எத்தனை பேர் பிடிக்க வேண்டி வந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, பார்க்காமலே திரும்பிப் போன பிள்ளை உண்டா. மூன்றாம் மாதம் எல்லோரையும் 20 நிமிடம் கூட்டி அந்தக் கொப்பியை வாசித்துவிட்டுச் சான்றிதழைக் கையில் கொடுங்கள். இடமாற்றத்தில் புதிதாக வந்தவர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு அடுத்த பயிற்சித் திகதியை அங்கேயே குறித்துவிடலாம்.